புதுசா ட்ரஸ்ட்டுக்கு வேலைக்குப் போறீங்களா? அங்க யாரு யாருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க

வருசா வருசம் ஜூன் மாசம் ஆச்சுன்னா எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி மேல்படிப்பு) முடிச்ச பசங்க நாலஞ்சு பேராச்சும் எனக்கு போன் அடிப்பாங்க, "அக்கா, திருப்பூர் பக்கம் ஒரு ட்ரஸ்ட்ல வேலை சொல்லிருக்காங்க, சமூக நீதி சம்பந்தப்பட்ட வேலையாம், போலாமா வேண்டாமா"ன்னு. போ, போகாதன்னு நான் சொல்றதே இல்லைங்க. ஒரு நாள் போயி அங்க யாரு யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு வா, அப்புறம் பேசலாம்பேன். தாராபுரம், பல்லடம், ஈரோடுன்னு 3 ட்ரஸ்ட்ல 14 வருசம் குப்பை கொட்டுனதுல எனக்குப் புரிஞ்சது இவ்ளோதான்: லெட்டர்ஹெட்ல பேரு இருக்கறவங்க ஒரு செட்டு, ட்ரஸ்ட்ட தலையில தூக்கிட்டு நடக்கறவங்க வேற செட்டு, இந்த ரெண்டு செட்டும் ஒருத்தர ஒருத்தர் எப்படி நடத்திக்கறாங்கங்கறத வெச்சு அந்த எடம் எப்படின்னு சொல்லீரலாம். எல்லாருகிட்டயும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குதுன்னுதான் இத எழுதறேன்.

சேர்றதுக்கு முன்னாடி

என்ஜிஓன்னு பொதுவா சொன்னாலும் உள்ள 3 வகை இருக்கு. ட்ரஸ்ட்டுன்னா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ட்ரஸ்ட் டீட் பதிஞ்சிருப்பாங்க, சங்கம்னா 1975ஆம் வருசத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல வரும், கம்பெனிச் சட்டம் 8ஆவது பிரிவுல பதியறது மூணாவது. உனக்கு இதுல என்ன சோலின்னு கேக்காதீங்க. சங்கம்னா வருசத்துக்கு ஒருக்கா பொதுக்குழு கூட்டி கணக்கு ஒப்பிக்கணும். ட்ரஸ்ட்ல டீட்ல எழுதுனதுதான் வேதம், ஆயுசுக்கும் நான்தான் மேனேஜிங் ட்ரஸ்டின்னு எழுதிருந்தா ஆயுசுக்கும் அவருதான். நம்ம பக்கம் ஊட்டுக்காரரு மேனேஜிங் ட்ரஸ்டி, சம்சாரம் செக்ரெட்டரி, மச்சான் பொருளாளர்னு இருக்கற ட்ரஸ்ட்டுங்க நெறைய பாத்துருக்கேன். குடும்ப ட்ரஸ்ட்டுன்னாலே மோசம்னு சொல்ல வரல, ராத்திரி 2 மணிக்கு ஒரு பொண்ணுக்காக ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்ன செக்ரெட்டரி அம்மாவும் அப்படி ஒரு ட்ரஸ்ட்ல இருந்தவங்கதான். ஆனா ஊட்ல சண்டை வந்தா ஆபீஸ்லயும் சண்டை வரும், அது தெரிஞ்சு போங்க. நிதி ஆயோக்கோட என்ஜிஓ தர்ப்பண் தளத்துல பேரு போட்டுத் தேடுனீங்கன்னா நிர்வாகிங்க பேரெல்லாம் வரும், 5 நிமிச வேலை.

அடுத்தது காசு எங்கிருந்து வருதுன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. வெளிநாட்டுப் பணம்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கணும், அத 5 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். 2020ல சட்டத்தத் திருத்துனாங்கல்ல, அதுக்கப்புறம் பணம் டெல்லி சன்சத் மார்க் எஸ்பிஐ அக்கவுண்ட்லதான் மொதல்ல வந்து எறங்குது, வந்த பணத்த இன்னொரு அமைப்புக்குப் பிரிச்சுக் குடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரைக்கும் போலாம்னு இருந்தது 20 ஆயிருச்சு. பெரிய அமைப்புகிட்ட வாங்கி கிராமத்துல வேலை பாத்துட்டு இருந்த சின்ன ட்ரஸ்ட்டுங்களுக்கு இது பெரிய அடிங்க, 2 ரூம் ஆபீஸ காலி பண்ணி ஊட்டுத் திண்ணையில பீரோவ வெச்சவங்க எல்லாம் இருக்காங்க. அதனால உங்க சம்பளம் எந்த ப்ராஜெக்ட்ல இருந்து வருது, அந்த ப்ராஜெக்ட் எந்த வருசம் எந்த மாசம் முடியுதுன்னு இன்டர்வியூலயே கேட்டுருங்க. கேட்டதுக்கு மூஞ்சி சுளிச்சாங்கன்னா அதுவும் ஒரு பதில்தான்.

கம்பெனிங்க சமூக வேலைக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம் இருக்கேன்னு சிலர் சொல்லுவாங்க. லாபத்துல 2 சதவீதம் பெரிய கம்பெனிங்க செலவு பண்ணணும்னு 2013 கம்பெனிச் சட்டத்துல இருக்கறது நெசந்தான், ஆனா அது ஸ்கூலுக்கு டாய்லெட் கட்ட வரும், மரம் நட வரும். மில்லு ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுக்கு சம்பள பாக்கி கேட்டு கேஸ் போடறதுக்கு மில்லுக்காரங்க காசு எப்படிங்க வரும்?

ஆர்டர் கையில வாங்காம சேராதீங்க. 20 பேரு அதுக்கு மேல வேலை பாக்கற எடம்னா பிஎஃப் புடிக்கணும், நாம சேவை பண்றோம் நமக்கெதுக்கு பிஎஃப்ன்னு பேசற எடத்துல சேவை பண்றது யாரு, காரு வாங்கறது யாருன்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

மொத வாரம்: அக்கவுண்டண்ட் அக்கா

சேந்த மொத நாளு டைரக்டர் ரூம்ல உக்காந்து டீ குடிச்சு, சமத்துவம் விடுதலைன்னு ஒரு மணி நேரம் பேசிட்டு வெளிய வருவீங்க. நேரா அக்கவுண்ட்ஸ் டேபிளுக்குப் போங்க. அங்க இருக்கற அக்காதான் (எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முக்காவாசி அக்காதான், பிகாம் முடிச்சுட்டு பக்கத்து ஊர்ல இருந்து பஸ்ல வந்து போறவங்க) உங்கள ட்ரஸ்ட்ல நெலைக்க வைக்கப் போறவங்க. நான் சேந்த புதுசுல சத்தி மலைக்கு மேல 3 நாளு கூட்டம் நடத்தீட்டு, பஸ் டிக்கெட்ட எல்லாம் பர்ஸ்ல கசக்கிப் போட்டு, அது வேர்வையில அழிஞ்சு வெள்ளைத் தாளா ஆகி, சாப்பாட்டுக்கு பில்லே வாங்காம வந்து 4,200 ரூபா குடுங்கன்னு நின்னேன். அந்த அக்கா ஒரு வார்த்தை திட்டல. "கண்ணு, நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியாதல்லொ"ன்னு சொல்லீட்டு வவுச்சர் எப்படி எழுதறது, கையெழுத்து எங்க வாங்கறது, கூட்டத்து வருகைப் பதிவேட்டு நகல எதுக்கு பில்லோட பின் அடிக்கறதுன்னு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்துச்சு. பாதிக் காசு வரல, அது என்ற தப்பு.

அந்த அக்கா சொன்னதுல முக்கியமா ஒண்ணு: ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா இன்கம்டாக்ஸ்ல அத செலவா ஏத்துக்க மாட்டாங்க. பந்தல்காரரு, சமையக்காரரு எல்லாம் கையில குடுங்கம்பாங்க, நீங்க பாவம்னு குடுத்துட்டு வந்தா மாட்டறது ட்ரஸ்ட்டு.

களப்பணி அக்கா பின்னாடி நடங்க

இதுதான் வேலையே. களப்பணியாளர்னு லிஸ்ட்ல கடைசியில பேரு இருக்கும், சம்பளமும் கடைசியில இருக்கும், 10ஆவது படிச்சிருப்பாங்க, சில பேரு அவங்களே மில்லுல 3 வருசம் கெடந்துட்டு வந்தவங்களா இருப்பாங்க. சுமங்கலித் திட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, 3 வருசம் ஹாஸ்டல்லயே தங்கி வேலை பாத்தா கடைசியில மொத்தமா கல்யாணத்துக்குக் காசுன்னு சொல்லி சின்னப் பொண்ணுங்கள ஸ்பின்னிங் மில்லுக்குக் கூட்டியாந்தது. பேரு மாறிருச்சு, கேம்ப் கூலிங்கறாங்க. அந்த ஹாஸ்டலுக்குள்ள நீங்க ஐடி கார்டு மாட்டிட்டுப் போனா வாட்ச்மேன் கேட்டத் தொறக்க மாட்டாரு. களப்பணி அக்காவுக்கு ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ணுங்க எந்தச் சந்தைக்கு வருவாங்க, எந்தக் கடையில ரீசார்ஜ் பண்ணுவாங்க, எந்தக் கோயில்ல 10 நிமிசம் உக்காருவாங்கன்னு தெரியும். இது எந்த எம்எஸ்டபிள்யூ பாடத்துலயும் இல்ல.

அதனால மொத 3 மாசம் நோட்டு எடுத்துட்டு அந்த அக்கா பின்னாடி போங்க, பேசாதீங்க. வளவுக்குள்ள (ஊடுங்க சேந்திருக்கற தெரு) போறப்ப அவங்க யாரூட்டுல மொதல்ல நிக்கறாங்கன்னு பாருங்க. தண்ணி குடுத்தா குடிங்க, சொம்புல குடுத்தாலும் டம்ளர்ல குடுத்தாலும் தயங்காம குடிங்க, நீங்க குடிக்கறீங்களா இல்லையான்னு அந்த ஊடே பாத்துட்டு இருக்கும், அதுக்கப்புறந்தான் உங்ககூடப் பேச்சே. போட்டோ எடுக்காதீங்க. டோனருக்கு (ட்ரஸ்ட்டுக்குக் காசு குடுக்கறவங்களுக்கு) போட்டோ வேணும்னு ஆபீஸ்ல இருந்து போன் வந்தாலும் கேட்டுட்டு எடுங்க, சின்னக் கொழந்தைங்க, கேஸ்ல இருக்கற பொண்ணுங்க மூஞ்சி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

இன்னொண்ணு, நம்ம கொங்கு நாட்டுல உங்கள யாரும் நேரா என்ன சாதின்னு கேக்க மாட்டாங்க. "ஏனுங் தம்பி, எந்த ஊருங்க? அங்க எந்தப் பக்கங்க? யாரூட்டுப் பையனுங்க?"ன்னு மரியாதையா 3 கேள்வி வரும். காட்டுக்காரரு டீ வாங்கிக் குடுத்துட்டே கேப்பாரு, விஏஓ ஆபீஸ்ல கேப்பாங்க, சில சமயம் உங்க ட்ரஸ்ட்டு ஆபீஸ்லயே கேப்பாங்க. என்ன பதில் சொல்றதுங்கறது உங்க இஷ்டம். எங்க களப்பணி அக்கா "நானுங்க, ட்ரஸ்ட்டூட்டுப் பொண்ணு"ன்னு சிரிச்சுட்டே சொல்லும், அதுக்கு மேல ஒருத்தரும் கேட்டதில்ல.

திருப்பூர் பக்கம் வேலைன்னா ஒடியா, ஹிந்தி பேசற ஸ்டாஃப் ஒருத்தராச்சும் இருப்பாங்க, பனியன் கம்பெனில வெளி மாநிலத்து ஆளுங்க அவ்ளோ பேரு இருக்கறதால. அவங்களுக்கு ஆபீஸ் மீட்டிங் பாதி புரியாது. பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, யாரும் சொல்ல மாட்டாங்க.

கேஸ் வந்தா யாரு என்ன பண்ணணும்

பல்லடம், சோமனூர் தறிப்பட்டறையில முன்பணம் வாங்கிட்டு வெளிய போக முடியாம இருக்கற குடும்பம்னு வெச்சுக்குவோம். நேரா போயி ஓனர்கிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க. 1976 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ (வண்டி ஆர்டிஓ இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்) மனு போகணும், ஆர்டிஓ வந்து விசாரிச்சு விடுதலைச் சான்று குடுக்கணும், அந்தச் சான்று இல்லாம குடும்பத்தக் கூட்டியாந்தீங்கன்னா அடுத்த வாரமே அட்வான்ஸ் பாக்கின்னு ஆளு வந்து நிப்பாங்க. உடனடி உதவியா 30,000 ரூபாய் வரைக்கும் கெடைக்கும், அதுக்கும் அந்த விசாரணைதான் வேணும். இதுல மனு எழுதறது கோஆர்டினேட்டர் வேலை, ஆர்டிஓ ஆபீஸ்ல பேசறது வக்கீலோ டைரக்டரோ, அந்தக் குடும்பத்து அம்மாவுக்கு போன்ல தைரியம் சொல்றது களப்பணி அக்கா. ஒருத்தர் சோலிய இன்னொருத்தர் எடுத்துக்கிட்டா கெட்டுப் போயிரும்.

வன்கொடுமை கேஸ்னா நம்ம ஊர்ல இன்னைக்கும் எல்லாரும் "பிசிஆர் கேஸ்"னுதான் சொல்லுவாங்க, அது தீண்டாமைக்கு எதிரான 1955 சட்டத்துப் பேரு, இப்ப போடறது 1989 எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நீங்க மனுவுல சரியா எழுதுங்க. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடாம, புகார் வாங்கிக்கிட்டோம்னு சிஎஸ்ஆர் ரசீது குடுத்து அனுப்பப் பாப்பாங்க (நம்ம வேலையில சிஎஸ்ஆர் ரெண்டு, கம்பெனி குடுக்கறது ஒண்ணு, ஸ்டேஷன்ல குடுக்கறது ஒண்ணு, ரெண்டையும் நம்பி ஊட்டுக்குப் போக முடியாது). எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லைன்னு 2018ல திருத்தி 18ஏ பிரிவே சேத்துருக்காங்க. விசாரிக்கறது டிஎஸ்பிக்குக் கொறையாத ஆளா இருக்கணும், 60 நாள்ல குற்றப்பத்திரிகை போகணும், நிவாரணத் தொகை எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, தீர்ப்புன்னு கட்டம் கட்டமா வரணும். இந்தத் தேதிங்கள எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சு போன் அடிச்சுட்டே இருக்கற ஆளு ஒவ்வொரு நல்ல ட்ரஸ்ட்லயும் ஒருத்தர் இருப்பாங்க, பெரும்பாலும் சத்தமே இல்லாம மூலையில உக்காந்திருப்பாங்க. அவங்களத் தேடிப் புடிச்சு ஒட்டிக்கோங்க. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு அவங்ககூட 4 தடவை போனீங்கன்னா எந்த டேபிள்ல சீல் போட்டு நம்பர் வாங்கணும்னு பழகிரும்.

சாதி மாறிக் கல்யாணம் பண்ண ஜோடி வந்தாங்கன்னா புது ஸ்டாஃப் யாரும் தனியா கையில எடுக்காதீங்க. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 2016 மார்ச்ல, சாதி மாறிக் கல்யாணம் பண்ணுன சங்கர வெட்டுனது பட்டப்பகல்ல, நடு ரோட்டுல. அந்த வீடியோவ நீங்களும் பாத்துருப்பீங்க. ஜோடி எங்க தங்கிருக்காங்கன்னு 2 பேருக்கு மேல தெரியக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போடக் கூடாது. 2018ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு மாவட்டத்துலயும் இதுக்குத் தனிப்பிரிவு இருக்கணும்னு சொல்லிருக்கு, எஸ்பி, சமூகநலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை அதிகாரி மூணு பேரும் அதுல வருவாங்க, மனுவுல அந்தத் தீர்ப்பக் காட்டிக் கேக்கணும். கேக்கறது வக்கீல் வேலை. உங்க வேலை அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சான்னு பாக்கறது.

டைரக்டர், நாற்காலி, டம்ளர்

டைரக்டர்னா எல்லாரும் ஒரே மாதிரி இல்லீங்க. 20, 30 வருசத்துக்கு முன்னாடி சைக்கிள்ல சுத்தி, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி ட்ரஸ்ட்ட வளத்தவங்க இருக்காங்க. அவங்ககிட்ட கத்துக்க மலையளவு இருக்கு, ஆனா மாத்திப் பேசுனா புடிக்காது. நீங்க புதுசு, 6 மாசம் கேளுங்க. அதுக்கப்புறம் கருத்து சொல்லுங்க, எழுதிக் குடுங்க, மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் மடக்காதீங்க, தனியா போயி பேசுனா பாதி பேரு கேப்பாங்க.

ஆனா நீங்க கண்ணத் தொறந்து வெச்சிருங்க. கள வேலையில அருந்ததியர் பொண்ணுங்க, மேல கையெழுத்து போடற எடத்துல ஒருத்தர்கூட அவங்க இல்லைன்னா அது எதேச்சையா நடக்கல. ஜீப்புல முன் சீட்டு யாருக்கு? ஸ்டாஃப் மீட்டிங்ல ஃபேனுக்குக் கீழ யாரு? பாத்திரம் கழுவற அக்காவ பேரு சொல்லிக் கூப்புடறாங்களா, ஏய்யுன்னு கூப்புடறாங்களா? ஒரு எடத்துல டோனர் வந்தா பீங்கான் கப், டைரக்டருக்கு எவர்சில்வர், ஃபீல்ட் ஸ்டாஃபுக்குப் பேப்பர் கப்புன்னு நானே கண்ணால பாத்தேன், அன்னைக்கு மத்தியானம் அதே ஹால்ல டீக்கடை இரட்டை டம்ளரப் பத்திப் பயிற்சி நடந்துச்சு. செப்டம்பர் 17 பெரியார் பொறந்த நாளு, அரசாங்கமே சமூக நீதி நாள்னு 2021ல இருந்து உறுதிமொழி எடுக்கச் சொல்லிருக்கு, ஈரோட்டுப் பக்கம் எந்த ட்ரஸ்ட்டும் அத விடாது. உறுதிமொழி முடிஞ்சதும் டீ வரும் பாருங்க, அப்பப் பாருங்க.

நல்லா நடக்கற எடத்துலயும் கேக்க வேண்டிய ஒரு கேள்வி: இவருக்கப்புறம் யாரு? ரெண்டாவது வரிசையில ஒரு 4 பேருக்குக் கலெக்டர் நம்பரு தெரியுதா, டோனர்கிட்ட அவங்களே பேசறாங்களா, செக்குல ரெண்டாவது கையெழுத்து யாரோடது. பதில் இல்லைன்னா அந்த ட்ரஸ்ட்டு அந்த ஒருத்தரோட உடம்பு நல்லா இருக்கற வரைக்குந்தான்.

உள்ளயே தப்பு நடந்தா

வெளிய பெண்ணுரிமை பேசற எடத்துல உள்ள நடக்காதுன்னு நெனைக்காதீங்க. 10 பேரு அதுக்கு மேல இருந்தா 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகார விசாரிக்க உள் புகார்க் குழு இருக்கணும், தலைவர் பெண்ணா இருக்கணும், வெளி ஆளு ஒருத்தர் இருக்கணும். சேந்த அன்னைக்கே அந்தக் குழுவுல யாரு யாருன்னு கேளுங்க, செவுத்துல பேரு ஒட்டிருக்கான்னு பாருங்க. 10 பேருக்குக் கம்மின்னாலோ, புகாரே ட்ரஸ்ட்ட நடத்தறவரு மேலன்னாலோ மாவட்ட அளவுல இருக்கற உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போலாம், 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். "அமைப்புக்குக் கெட்ட பேரு வந்துரும் கண்ணு, எத்தன பேரு பொழப்பு"ன்னு உங்களுக்குப் புடிச்ச ஆளே வந்து சொல்லுவாங்க. என்கிட்டயும் சொன்னாங்க, ஒரு தங்கச்சிக்காக நான் பேசப் போனப்ப. நான் அன்னைக்கு வாய மூடிட்டேன், அந்தப் பொண்ணு வேலைய உட்டுட்டு ஊருக்குப் போயிருச்சு. அதனாலதான் மொத நாளே செவுத்தப் பாக்கச் சொல்றேன்.

உட்டுட்டுப் போறப்ப

3 வருசத்துல பாதி பேரு கெளம்பீருவீங்க, சம்பளம் பத்தாது, ஊட்ல பொண்ணு பாப்பாங்க, மாப்ள பாப்பாங்க, இல்லாட்டி குரூப் 2 பாஸாகும். அதுல தப்பே இல்ல. ஆனா போறதுக்கு முன்னாடி கேஸ் ஃபைல் எல்லாத்தயும் தேதி வாரியா அடுக்கி, அடுத்த வாய்தா எப்பன்னு மேல எழுதி, கையெழுத்து வாங்கிட்டு ஒப்படைங்க. உங்க போன்ல இருக்கற நம்பருங்கள சும்மா ஃபார்வேர்டு பண்ணாதீங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டுக் குடுங்க. அப்புறம் பஸ் ஏறி வளவுக்கே நேர்ல போயி சொல்லீட்டு வாங்க, புதுசா வர்ற ஆள கையோட கூட்டிட்டுப் போங்க. நான் தாராபுரத்துல இருந்து கெளம்பறப்ப ஒரு அமுச்சி (பாட்டி) எதுவும் பேசாம உள்ள போயி காலண்டர எடுத்துட்டு வந்து என்கிட்ட நீட்டுச்சு. அதுல என்ற நம்பர் பேனாவுல எழுதிருந்துச்சு. அடிச்சுட்டு புதுப் பொண்ணு நம்பர எழுதிக் குடுத்தேன், "பெருசா எழுது சாமி, எனக்குக் கண்ணு தெரியறதில்ல"ன்னுச்சு, மறுபடியும் எழுதுனேன்.